அந்தம்மாவின் பெயர் மக்தா நாஹ்மன்

வடபழனியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசிக்கிறோம். ஒரு மாதம் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய பழைய புரட்சியாளர்களைப் பற்றிப் பேச்சு. கல்லூரி மாணவி ஒருத்தி எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றிக் குறிப்பெடுத்து வந்திருந்தாள். 1887இல் சென்னையில் பிறந்தவர், பாரதி பணியாற்றிய 'இந்தியா' இதழை நடத்திய மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்தவர், 1908இல் நாட்டைவிட்டுக் கிளம்பி லண்டன், பாரிஸ், பெர்லின் என்று அலைந்தவர், 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தவர், பிறகு எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியேறி அராஜகவாதியாக வாழ்ந்தவர். எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். கடைசியில், "அவருடைய ருஷ்ய மனைவி ஓர் ஓவியர்" என்று முடித்தாள்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை டீச்சரக்கா என்போம். அவர் கேட்டார்: "ஓவியர்னா என்ன வரைஞ்சாங்க? அந்தம்மாவுக்குப் பேர் இருக்கில்ல?"

மாணவியிடம் பதில் இல்லை. அன்று என்னிடமும் இல்லை. ஆச்சார்யாவைப் பற்றி நான் தமிழில் படித்திருந்த கட்டுரைகளில் அந்தப் பெண் இப்படித்தான் வந்துபோவார்: ருஷ்ய மனைவி, ஓவியர், அவ்வளவுதான். டீச்சரக்காவின் கேள்விக்குத் தாமதமாகத் தேடிச் சேர்த்த பதில்தான் இந்தக் கட்டுரை.

அந்தம்மாவின் பெயர் மக்தா நாஹ்மன். 1889இல் ருஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சார்ந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் கிறிஸ்தவர். வீட்டில் ஜெர்மன், தெருவில் ருஷ்யன். புலம்பெயர்வதற்கு முன்பே இரண்டு உலகங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் எலிஸவேத்தா ஸ்வான்ஸெவா என்ற பெண் ஓவியர் நடத்திய கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர்கள் லெயோன் பாக்ஸ்ட், அவருக்குப் பின் பெட்ரோவ்-வோட்கின். ருஷ்ய நவீன ஓவியம் பேசப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மார்க் ஷகால் சிறிது காலம் படித்ததும் அங்கேதான்.

அந்தப் பள்ளியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஷகாலின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். நானும் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு பெண் தன் பொறுப்பில் நடத்திய பள்ளி, அங்கே பெண்கள் ஆண்களோடு சேர்ந்து மாடலை வைத்து வரைந்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மக்தாவுக்குக் கிடைத்த முதல் அதிர்ஷ்டம் அந்தப் பள்ளி. இரண்டாவது, அங்கே கிடைத்த தோழிகள். யூலியா ஒபலென்ஸ்கயா என்ற ஓவியருக்கு மக்தா எழுதிய கடிதங்கள் பிழைத்திருக்கின்றன. அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் மக்தாவின் இளமைக்காலத்தைப் பற்றி இன்று நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

1913 கோடையில் தோழிகள் கருங்கடல் கரையில் கொக்தெபெல் என்ற ஊருக்குப் போனார்கள். கவிஞர் வலோஷின் வீட்டில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்குவது வழக்கம். அங்கே மரீனா ஸ்வெதாயெவாவும் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது, கையில் ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை. பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் கவிஞர்களில் ஒருவர் என்று உலகம் கொண்டாடப் போகிறவர். அந்தக் கோடையில் மக்தா அவரை உட்காரவைத்து வரைந்தார். ஸ்வெதாயெவா உயிரோடு இருந்தபோது அவரை நேரில் பார்த்து வண்ணத்தில் வரைந்த ஓவியம் இது ஒன்றுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தை அச்சுப்படியில் பலமுறை பார்த்திருக்கிறேன். குட்டையாக வெட்டிய முடி, நீல ஆடை. முகத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. நுணுக்க விவரங்களால் கண்ணைக் கவரும் வேலையாக அது இல்லை. வண்ணம் அகலமான பரப்புகளாக நிற்கிறது. பெட்ரோவ்-வோட்கினிடம் படித்ததன் பயன் இது. கவிஞர் என்று காட்ட ஒரு புத்தகம், பேனா, ஜன்னல், கனவுப் பார்வை என்று எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொரு இளம்பெண் அவளைக் கவனித்துப் பார்க்கிறாள். பெண்ணைப் பெண் பார்த்து வரையும்போது தானாகவே நியாயம் பிறந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் படத்தில் பார்க்கிறவர் எதிரே இருப்பவரிடம் எதையும் கேட்கவில்லை; அழகாக இரு என்றோ, மேதையாகத் தெரி என்றோ வற்புறுத்தவில்லை. மக்தாவின் நவீனத்துவம் இந்த அடக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு பம்பாயில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியும்.

புரட்சி வந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுகளில் மக்தா ஒரு கிராமத்து நாடக அரங்குக்குக் காட்சித்திரைகள் வரைந்து பிழைத்தார். அங்கே அவரோடு வேலை செய்தவர் ஸ்வெதாயெவாவின் நாத்தனார் லீலியா எஃப்ரோன். 1921 வாக்கில் மாஸ்கோவில் ஆச்சார்யாவைச் சந்தித்தார். திருமணம் செய்துகொண்டு 1922இல் இருவரும் பெர்லினுக்குப் போனார்கள்.

இங்கிருந்துதான் நம் கட்டுரைகளில் அவர் 'மனைவி' ஆகிறார். பெர்லினில் ஆச்சார்யா என்ன செய்தார் என்பது எழுதப்பட்டிருக்கிறது: அராஜகவாதப் பத்திரிகைகளுக்கு எழுதினார், கடிதங்கள் எழுதினார், பிரிட்டிஷ் உளவுத்துறையின் கண்காணிப்பில் வாழ்ந்தார். அந்தக் கட்டுரைகள் வீட்டு வாடகை கட்டித்தரும் கட்டுரைகள் அல்ல. வீட்டில் வருமானம் என்று ஒன்று வந்ததில் மக்தாவின் தூரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் கூலிக்கு முகப்படங்கள் வரைந்தார். 1928இல் அவர் படங்களின் கண்காட்சி பெர்லினில் நடந்தபோது, ருஷ்ய அகதிகளின் நாளிதழான 'ரூல்' அதைப் பற்றிய விமர்சனத்தை வெளியிட்டது. எழுதியவர் விளாதிமிர் நபோகவ். 1933இல் நபோகவையும் அவர் மனைவி வேராவையும் மக்தா வரைந்தார்.

இப்போது இணையத்தில் மக்தாவின் பெயரைத் தேடினால் 'ஸ்வெதாயெவாவை வரைந்தவர்', 'நபோகவை வரைந்தவர்' என்றுதான் வரும். தமிழில் 'ஆச்சார்யாவின் மனைவி', ருஷ்யனிலும் ஆங்கிலத்திலும் 'இன்னாரை வரைந்தவர்'. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒரு பெண் தான் தொட்ட மற்றவர்களின் புகழ் வழியாகத்தான் வரலாற்றுக்குள் நுழைய முடிகிறது. ஆண் ஓவியர் ஒருவர் கவிஞரை வரைந்தால், 'அந்தக் கவிஞரை இந்த ஓவியர் வரைந்திருக்கிறார்' என்று கவிஞருக்குப் பெருமை சேர்கிறது. மக்தா விஷயத்தில் அது தலைகீழ்.

முகப்படம் என்ற வகைக்கும் இதில் பங்கு உண்டு. உட்காருபவர் காசு கொடுத்து வரையச் சொல்லும் படம் கலையில் கொஞ்சம் தாழ்ந்தது, 'பிழைப்புக்கு வரைந்தது' என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குப் பிழைப்புக்கு வெளியே தனியாக ஒரு கலை நேரம் எங்கே இருக்கிறது? கணவர் காசு வராத எழுத்தைத் தொடர்ந்து எழுதினால் அது கொள்கை. மனைவி காசு வரும் படத்தைத் தொடர்ந்து வரைந்தால் அது சமரசம். ஆச்சார்யாவின் நேர்மையைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நேர்மைக்கு யார் செலவு செய்தார்கள் என்ற கணக்கும் அவருடைய வரலாற்றில் சேரவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதத் தந்தையின் மகளும் இந்திய அராஜகவாதியும் பெர்லினில் இருக்க முடியாது. 1934இல் கிளம்பினார்கள். ஸூரிக்கில் மக்தாவின் சகோதரி இருந்தார். ஆச்சார்யா முன்னதாகவும் மக்தா 1936இலும் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். கணவருக்கு அது நாடு திரும்புதல். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் மக்தாவுக்கு அது மூன்றாவது நாடு.

பம்பாய் அப்போது ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர். வியன்னாவிலிருந்து வந்த வால்டர் லாங்ஹாமர் ஓவியர். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் கலைப்பிரிவைப் பார்த்தார். ருடால்ஃப் வான் லேடன் கலை விமர்சகர். எம்மானுவேல் ஷ்லெசிங்கர் படங்களை வாங்கிச் சேகரித்தார். இந்திய நவீன ஓவிய வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த மூவரின் பெயரும் ஒன்றாக வரும். சூஸா, ரஸா, ஹுசேன் போன்ற இளைஞர்களுக்கு ஊக்கம் கொடுத்தவர்கள் என்று அவர்களைக் கொண்டாடுகிறோம். அதே ஊரில், அதே காலத்தில், பாக்ஸ்டிடம் நேரடியாகப் படித்த ஒரு பெண் பம்பாய் ஆர்ட் சொசைட்டியில் தொடர்ந்து படங்களைக் காட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார். வியன்னாவிலிருந்து வந்த நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கர் போன்றவர்களோடு பழகினார், அவரை வரைந்தார். அந்தப் பெண்ணின் பெயர் அந்த மூவரோடு நான்காவதாகச் சேரவில்லை.

ஏன் என்பதற்கு 'பெண் என்பதால்' என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். பொய்யில்லை, ஆனால் போதாது. 1947இல் புரோகிரசிவ் ஆர்ட்டிஸ்ட்ஸ் குரூப் தொடங்கியவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். பழையதை உடைத்து வெளியே வருவதுதான் நவீனம் என்று அந்தத் தலைமுறை நம்பியது. வறுமையையும் சாதியையும் மீறி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு உடைக்க வேண்டிய தேவை இருந்தது. மக்தாவுக்கோ எல்லாம் ஏற்கெனவே உடைந்திருந்தது. இரண்டு நாடுகள், ஒரு புரட்சி, ஒரு போர், வழியில் விட்டுவந்த படங்கள். அப்படி வந்தவர் எதிரே இருக்கும் மனித முகத்தை உடைக்காமல் வரையவே விரும்பினார் என்றால் அதைப் பழமை என்று ஒதுக்குவது அவசரம். நவீனத்துவத்துக்கு ஒரே ஒரு அளவுகோலை வைத்தால் அதற்குள் அடங்காதவர்கள் வெளியே போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் பெண்கள் அதிகம்.

இந்த இடத்தில் மக்தாவிடமும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். பம்பாயில் அவர் வரைந்தவர்களில் சாதாரணப் பெண்கள், குழந்தைகள், உழைப்பாளிகள் பலர். இந்திய ஏழைப் பெண்ணை ஐரோப்பியர் வரைவதற்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையிலும் தஞ்சாவூரிலும் வெள்ளை அதிகாரிகளுக்காக ஓவியர்கள் ஆல்பங்கள் வரைந்துகொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆணும் பெண்ணும், கீழே அவர்களின் சாதி அல்லது தொழிலின் பெயர். ஆளின் பெயர் கிடையாது. மக்தா வரைந்த முகங்கள் அந்த ஆல்பங்களிலிருந்து வேறானவை. ஸ்வெதாயெவாவைப் பார்த்த அதே கவனத்தோடு இவர்களையும் பார்த்திருக்கிறார், வகைமாதிரியாகக் குறுக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்த அச்சுப்படிகளில் புகழ்பெற்றவர்களின் படத்துக்குக் கீழே அவர்களின் பெயர் இருக்கிறது, ஏழைகளின் படத்துக்குக் கீழே இல்லை. தன் பெயரை இழந்த ஓவியரின் படத்தில் உட்கார்ந்தவர்களும் பெயரை இழந்திருக்கிறார்கள். மக்தாவை மீட்கும் நாம் இதைப் பேசாமல் விட்டால், டீச்சரக்கா கேட்ட கேள்வியின் பாதியைத்தான் கேட்டவர்களாவோம்.

1951 பிப்ரவரி 12 அன்று பம்பாயில் மக்தாவின் படங்களின் கண்காட்சி தொடங்க இருந்தது. தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு அவர் இறந்துபோனார். வயது 61.

இந்தத் தகவலைப் படித்ததும் எனக்கு அம்ரிதா ஷேர்-கில் நினைவுக்கு வந்தார். 1913இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் படித்து, 1934இல் இந்தியா திரும்பியவர். அவரும் 1941 டிசம்பரில் லாகூரில், பெரிய கண்காட்சி ஒன்று தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, 28 வயதில் இறந்தார். இரண்டு ஓவியர்கள், இரண்டு திறக்காத கண்காட்சிகள். சாவை வைத்துக் கதை சொல்வது எளிது. பெண் கலைஞர் என்றாலே அகாலச் சாவைத் தேடிப் போகும் பழக்கம் நமக்கு இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த கேரளத்து ஓவியர் டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தில் இறந்தார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்களும் அந்தச் சாவைத்தான் முதலில் சொல்கிறார்கள், நிறங்களைப் பிறகுதான்.

அம்ரிதாவையும் மக்தாவையும் சாவைக் கொண்டு ஒப்பிடுவதைவிட, சாவுக்குப் பிறகு நடந்ததைக் கொண்டு ஒப்பிடுவது பயன் தரும். அம்ரிதாவுக்கு வசதியான குடும்பம் இருந்தது. தந்தை உம்ராவ் சிங் புகைப்படக் கலைஞர். மகளை நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வைத்திருந்தார். கணவரும் குடும்பத்தாரும் கொடுத்த ஓவியங்கள் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் சேர்ந்தன. இன்று அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வம். மக்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் வறுமையிலும் நோயிலும் மூன்றாண்டு தனியாக வாழ்ந்து 1954 மார்ச்சில் பம்பாயில் இறந்தார். படங்களை ஓரிடத்தில் சேர்த்துக் காக்கப் பணமோ வீடோ அங்கே இல்லை. வாங்கியவர்கள், பரிசாகப் பெற்றவர்கள் வீடுகளில் அவை சிதறின. திறமையைக் காலம் தேர்ந்தெடுக்கும் என்று சொல்கிறோம். காலத்துக்குக் கிடங்கு வேண்டும், சட்டம் போட ஆள் வேண்டும், வாடகை கட்டப் பணம் வேண்டும். அம்ரிதாவின் மேதைமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைக் காத்தது மேதைமை மட்டும் அல்ல.

அப்படியானால் மக்தா எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தார்? ஒபலென்ஸ்கயா என்ற தோழியின் காகிதங்களில் அந்தக் கடிதங்கள் இருந்தன. லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் அவற்றையும் பல நாடுகளில் சிதறிக் கிடந்த படங்களையும் தேடிச் சேர்த்து 2020இல் மக்தாவின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னையில் சி.எஸ். சுப்பிரமணியம் ஆச்சார்யாவின் வரலாற்றை 1995இலேயே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கணவரின் வரலாற்றுக்கும் மனைவியின் வரலாற்றுக்கும் நடுவே கால் நூற்றாண்டு. தோழி பத்திரப்படுத்திய கடிதமும் இன்னொரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பும் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டியிருந்தது.

இனி நாம் செய்யக்கூடிய ஒரு தவறைச் சொல்லி முடிக்கிறேன். மக்தாவைத் 'திருவல்லிக்கேணி மருமகள்' என்று சொந்தம் கொண்டாடுவது நமக்குச் சுலபம். அன்பாகக்கூடத் தோன்றும். ஆனால் அது பழைய 'ருஷ்ய மனைவி'யின் புதுச்சேலைதான். அவர் நமக்கு வேண்டியவர் என்றால் காரணம் வேறு. நான்கு நகரங்களில், நான்கு மொழிகளுக்கு நடுவில், கையில் காசில்லாமல், கண்ணில் பட்ட முகங்களை நாற்பது ஆண்டு வரைந்துகொண்டே இருந்த ஓர் உழைப்பாளி அவர். ஆச்சார்யாவைப் பற்றித் தமிழில் இனி எழுதுகிறவர்கள் அவர் பெயரை முழுதாக எழுதவேண்டும், படங்களைப் பார்த்துவிட்டு எழுதவேண்டும்.

இவ்வளவையும் அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். டீச்சரக்கா அமைதியாகக் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் அப்பா இந்தப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றுக்குப் பின்திரை வரைந்தவர். பதினாலு வயதிலிருந்து அக்கா அப்பாவுக்கு வானம் அடித்துக் கொடுத்திருக்கிறார். "மேகம் எல்லாம் நான்தான். அப்பா மலை போடுவாரு." படம் ஓடியது, திரை கிழிந்தது, வெள்ளையடித்து அதன்மேலேயே வேறு காட்சி வரைந்தார்கள். டைட்டிலில் அப்பா பெயரே வந்ததில்லை, மகள் பெயர் எங்கே வரும்?

அதற்கடுத்த மாதம் அக்கா ஒரு பழைய வாட்டர்கலர் படத்தைக் கொண்டுவந்தார். வடபழனி முருகன் கோயில் பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. எங்கேயும் கையெழுத்து இல்லை. மாணவி பேனாவை நீட்டி, "பின்னாடி உங்க பேரை எழுதுங்கக்கா" என்றாள். அக்கா படத்தைத் திருப்பிவைத்து, முதலில் அந்தப் பூக்கார அம்மாவின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே தன் பெயர். அதற்குக் கீழே ஆண்டு.